மழைநீர்த் தேக்கத் தொட்டி கட்டப் போகிறீர்களா? நீர் வெளியேறும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

புதுக் கட்டடத்துக்கு மழைநீர்த் தேக்கத் தொட்டி கட்டாயம் என்று உள்ளாட்சி சொன்னதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கனமீட்டர்?" என்பதுதான். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. மனு எழுதுவதில் ஆரம்பித்து நிறைவுச் சான்றிதழ் வாங்குவது வரை இந்த வேலையைத் தனி ஆளாக இழுத்துச் சென்ற அனுபவத்தில் சொல்கிறேன். அடுத்த கட்டத்தின் விதி என்னவென்று, அந்தக் கட்டத்துக்குள் கால் வைத்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் தெரியவரும். ஒரு மழைக்காலம் முழுவதும் திறந்த குழியோடு போனது. வேலி, நீர் இறைக்கும் மோட்டார், டீசல், இரவுக் காவல் என்று போன பணத்தில் தொட்டியின் கொள்ளளவு ஒரு லிட்டர்கூடக் கூடவில்லை. வானம் இருட்டினாலே வயிற்றைப் பிசையும். இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம், முன்கூட்டியே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால். அந்த உட்கார்ந்து சொல்லும் வேலையை இங்கே செய்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மழைநீர்ச் சேமிப்புத் தொட்டி வேறு, தேக்கத் தொட்டி வேறு. சேமிப்புத் தொட்டி எப்போதும் நிறைந்திருந்தால்தான் பயன். தேக்கத் தொட்டி அடுத்த மழைக்கு முன் காலியாக இருந்தால்தான் பயன். கூரையிலும் தரையிலும் விழும் மழை ஒரே மூச்சில் தெருவடிகாலில் பாயாமல் சில மணி நேரம் நிறுத்திவைத்து, அனுமதித்த வேகத்தில் மட்டும் வெளியே விடுவதுதான் அதன் ஒரே வேலை. "தோட்டத்துக்கு நீர் சேமிக்கப் பெரிய தொட்டி இருக்கிறதே, அதையே காட்டிவிடலாம்" என்று வரைபடம் கொடுத்தால் பெரும்பாலான இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது நியாயமும்கூட. முந்தைய நாள் மழையில் நிறைந்துபோன தொட்டி இன்றைய மழைக்கு எதையும் தடுக்காது. இரண்டையும் ஒரே கட்டுமானத்தில் வைக்க வழி உண்டு: அடிப்பகுதி சேமிப்புக்கு, அதற்கு மேலே வெளியேற்றத் துளை, துளைக்கு மேலே உள்ள பகுதி மட்டும் தேக்கக் கணக்குக்கு. அப்படிச் செய்தால் வரைபடத்தில் இரு மட்டங்களையும் தனித்தனியாகக் குறித்து, கொள்ளளவையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது விதி. வேறோர் ஊரில் தொட்டி கட்டியவரின் கணக்கை வாங்கி எண்களை மட்டும் மாற்றி எழுதுவது ஆபத்து. விதியின் அடிப்படையே ஊருக்கு ஊர் வேறு. சிங்கப்பூரில் 2014 முதல் 0.2 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள புதுக் கட்டுமானங்களில் உச்ச ஓடுநீர், 10 ஆண்டு மீள்காலத்து மழைக்கு (சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழை), ஓடுநீர்க் கெழு (விழும் மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவரும் பங்கு) 0.55 என்று வைத்தால் வரும் அளவைத் தாண்டக் கூடாது. சிட்னியின் மேல் பரமட்டா ஆற்றுப்படுகையில் நெடுநாள் இருந்த விதி இன்னும் நேரடியானது: ஹெக்டேருக்கு வினாடிக்கு 80 லிட்டர் வெளியே விடலாம், ஹெக்டேருக்கு 470 கனமீட்டர் இடம் வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் 15,000 சதுர அடியோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறினால், நீர் இறங்காத பரப்பில் விழும் முதல் 1.5 அங்குல மழையைக் கையாள வேண்டும். ஜப்பானில் 2003-ல் இயற்றிய சட்டப்படி, குறிப்பிட்ட நகர ஆறுகளின் படுகையில் 1,000 சதுர மீட்டருக்குக் குறையாத நிலத்தை நீர் இறங்காதபடி மாற்ற அனுமதி வாங்கியாக வேண்டும். ஒன்று கெழுவுக்கு உச்சவரம்பு வைக்கிறது, இன்னொன்று லிட்டரில் அளக்கிறது, மற்றொன்று மழையின் உயரத்தைப் பார்க்கிறது.

விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எதைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன். வரம்புப் பரப்பை எதை வைத்து அளக்கிறார்கள்: மனையின் மொத்தப் பரப்பா, மண்ணைக் கிளறிய பரப்பா, புதிதாகக் கான்கிரீட் போட்ட பரப்பா? பழைய கட்டடத்தை இடித்துக் கட்டினால், "முன்பு இருந்த நிலை" என்பது பழைய கட்டடமா, அதற்கும் முந்தைய வெறும் நிலமா? இந்த ஒரு வரியின் பொருள் மாறினால் தொட்டியின் அளவு சில மடங்கு மாறிவிடும். மழை எத்தனை ஆண்டு மீள்காலத்துக்கு, எந்த மழை அட்டவணைப்படி? காலநிலை மாற்றத்துக்காக மழை அளவை எத்தனை சதவீதம் கூட்ட வேண்டும்? துளையின் குறைந்தபட்ச விட்டம் எவ்வளவு? மழை நின்றபின் எத்தனை மணி நேரத்துக்குள் தொட்டி காலியாக வேண்டும்? பம்பு வைக்கலாமா, தானாக வடிவது மட்டுமா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னவர் இடம் மாறிப் போனால், அடுத்து வருபவர் புத்தகத்தைத் தன் விருப்பப்படி படிப்பார். அப்போது வாதாட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அந்தக் கையறு நிலையை யாருக்கும் விரும்ப மாட்டேன்.

விதி தெளிவானதும் நேராகத் தெருவுக்குப் போங்கள், மனைக்கு அல்ல. தொட்டியிலிருந்து வரும் குழாய் எந்த வடிகாலில் சேரப் போகிறதோ, அதன் மூடியைத் திறந்து அடிமட்டத்தை அளக்க வேண்டும். அலுவலக வரைபடத்தில் இருக்கும் மட்டத்தை நம்பாதீர்கள். சாலை பலமுறை உயர்ந்திருக்கும், வடிகாலை நடுவில் மாற்றியிருப்பார்கள், அடியில் வண்டல் ஒரு சாண் இறுகியிருக்கும். நிரந்தரமான ஒரு மட்டக்குறியைப் பிடித்து, ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து, வடிகாலின் அடிமட்டம், அது நிறைந்தோடும்போது நீர் நிற்கும் மட்டம், சாலை மட்டம், மனையின் மிகத் தாழ்ந்த மூலை ஆகிய நான்கையும் ஒரே குறியிலிருந்து எடுங்கள். பிறகு பின்னோக்கி வாருங்கள். வடிகாலின் நீர்மட்டம், அதற்கு மேலே குழாயின் வாய், குழாயின் சாய்வு, துளை, தொட்டியின் தரை என்று ஒவ்வொன்றாக மேலேறி வந்தால்தான், தொட்டிக்கு எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்பது தெரியும். பலருக்கு அதிர்ச்சி தரும் இடம் இதுதான். 3 மீட்டர் ஆழத்தில் தொட்டி வரைந்து வைத்திருப்பார்கள், தெருவடிகாலோ 1.2 மீட்டர் ஆழத்தில் ஓடும். அப்படியானால் கீழ்ப்பாதி தானாக வடியவே வடியாது. பரப்பைக் கூட்டி ஆழத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பு வைக்க வேண்டும். பம்பு என்றால் ஒன்று பழுதானால் ஓட இன்னொன்று, மின்சாரம் போனால் ஜெனரேட்டர், மட்டம் ஏறினால் அலாரம் என்று பட்டியல் நீளும். மின்சாரம் போவது பெரும்பாலும் அதே பெருமழையில்தான் என்பதால், பம்பு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பரப்பைத் தியாகம் செய்யுங்கள்.

வடிகால் நிறைந்தோடும் மட்டம் துளையைவிட உயரமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. துளை வழியே நீரைத் தள்ளுவது உள்ளே, வெளியே உள்ள மட்டங்களின் வித்தியாசம்தான். வெளியே மட்டம் ஏற ஏற வெளியேற்றம் குறையும். ஒரு கட்டத்தில் தெருநீர் உங்கள் தொட்டிக்குள் வரும். எதிரோட்டத் தடுப்பு வால்வு வைத்தால் உள்ளே வருவது நிற்கும், ஆனால் உங்கள் நீரும் வெளியே போகாது. அந்த நேரம் முழுவதும் விழும் மழைக்கு இடம் வேண்டும். இதைக் கணக்கில் காட்டச் சொல்லும் விதிகள் உண்டு. விதி கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

இப்போதுதான் கனமீட்டருக்கு வருகிறோம். எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் எங்கே கால் வழுக்கும் என்று புரியும். 5,000 சதுர மீட்டர் மனை. கூரை 2,000, கெழு 0.95, கான்கிரீட் தரை 2,000, கெழு 0.9, புல்வெளி 1,000, கெழு 0.25. சராசரிக் கெழு 0.79. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை பெய்தால் உச்ச ஓடுநீர் வினாடிக்கு 110 லிட்டர். இதே மனைக்கு, அதே மழைக்கு, சிங்கப்பூரின் 0.55 கெழுவை வைத்தால் 76 லிட்டர் விடலாம். ஹெக்டேருக்கு 80 லிட்டர் என்ற விதியில் 40 லிட்டர். உள்ளாட்சி 20 லிட்டர்தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கெழு, மழையின் வேகம், பரப்பு மூன்றையும் பெருக்கும் இந்த ஓடுநீர்ச் சூத்திரம் உச்ச வேகத்தைக் கண்டு குழாயின் அளவைத் தீர்மானிக்க வந்தது. அமெரிக்காவில் எமில் குயிச்லிங் 1889-ல் எழுதியதும் சாக்கடைக் குழாய்களுக்காகத்தான். உச்சம் வரும் அந்த 10 நிமிட மழையை மட்டும் எடுத்துத் தொட்டியின் அளவைச் சொன்னால், உள்ளே வருவது 66 கனமீட்டர், வெளியே போவது 12, ஆக 54 போதும் என்று வரும். நிம்மதியாக இருக்கும், ஆனால் தவறு. மழை நீளும்போது வேகம் குறைந்தாலும் மொத்த நீர் கூடிக்கொண்டே போகும். 30 நிமிடத்துக்கு மணிக்கு 65 மி.மீ. என்றால் வரவு 128, செலவு 36, தேவை 92. 60 நிமிடத்துக்கு 45 மி.மீ. என்றால் 178-லிருந்து 72 போக 106. 120 நிமிடத்துக்கு 28 மி.மீ. என்றால் 221-லிருந்து 144 போக 77. ஆக, ஒரு மணி நேர மழைதான் இந்தத் தொட்டிக்குச் சோதனை. எந்த நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, வெளியேற்றம் குறையக் குறைய அது நீண்டுகொண்டே போகும். அதனால் 10 நிமிடத்தில் ஆரம்பித்து, தேவை ஏறி இறங்கும் வரை வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

106-ஓடு முடிந்ததா? இல்லை. வினாடிக்கு 20 லிட்டர் என்பது தொட்டி நிறைந்திருக்கும்போது துளை விடும் அளவு. தொட்டி பாதியாக இருக்கும்போது அதைவிடக் குறைவாகத்தான் போகும். தொடக்கத்தில் ஒரு சிறு கசிவுபோல. முழு நேரமும் 20 என்று கழித்தது தொட்டியைச் சிறிதாக்கிவிட்டது. ஜப்பானில் புழங்கும் எளிய சூத்திரத்தில் இதனால்தான் அனுமதித்த வெளியேற்றத்தில் பாதியை மட்டும் கழிக்கிறார்கள். அப்படிக் கழித்தால் 60 நிமிடத்துக்கு 142, 120 நிமிடத்துக்கு 149, மணிக்கு 20 மி.மீ. வேகத்தில் 180 நிமிடம் பெய்தால் 129. தேவை 149 ஆகிவிட்டது, சோதனை நேரம் இரண்டு மணிக்கு நகர்ந்துவிட்டது. 106-க்குக் குழி தோண்டியபின் 149 என்று சரிபார்ப்பவர் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு நிமிடம் வரவு, செலவு, மட்டம் மூன்றையும் கணக்கிடும் முறைதான் துல்லியமானது. ஒரு எக்செல் தாள் போதும். விதி எளிய சூத்திரத்தை ஏற்றாலும் இந்தத் தாளைச் சேர்த்துக் கொடுத்தால் கேள்விகள் பாதியாகக் குறையும்.

149 கனமீட்டர் என்றால் அது பயன்படும் கொள்ளளவு. தரையிலிருந்து கூரைக்கு அளந்து எழுதக் கூடாது. தொட்டி நிறைந்தால் நீர் வழிந்து வெளியேறும் மிகைநீர் வழியின் மட்டம் வரைதான் கணக்கு. அதற்கு மேலே கூரை வரை விடும் இடைவெளி கணக்கில் வராது. உள்ளே தூண்கள், சரிவுக்காகப் போடும் கான்கிரீட், அடியில் தங்கும் வண்டலுக்கு ஒதுக்கிய ஆழம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். உள்ளளவு 17 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்றால் 170. ஆனால் மிகைநீர் மட்டம் 1.8 மீட்டரில் இருந்தால் 153, தூணும் சரிவும் கழிந்தால் 149-ஐ ஒட்டி நிற்கும். இந்த விளிம்பில் நிற்பதே எனக்குப் பிடிக்காது. சுவர் இரண்டு பக்கமும் 2 செ.மீ. உள்ளே வந்தால்கூடக் குறைந்துவிடும். ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டி வரையுங்கள். குழி தோண்டும்போது அந்தக் கூடுதல் செலவு சிறியது, கட்டியபின் பற்றாக்குறை என்று வந்தால் அதை ஈடுகட்ட வழியே இல்லை.

துளைக்கு வருவோம். ஒட்டுமொத்த அமைப்பும் உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. கூர்விளிம்புத் துளைக்கு வெளியேற்றக் கெழு (ஓடுநீர்க் கெழு வேறு, இது துளை எவ்வளவு தடையின்றி நீரை விடுகிறது என்பதன் அளவு) 0.6 என்று வைத்து, துளையின் மையத்திலிருந்து 1.8 மீட்டர் நீர் நின்றால், 20 லிட்டருக்கு விட்டம் 85 மி.மீ. சந்தையில் 85 மி.மீ. குழாய் இல்லை என்று கட்டுமானத்தில் 100 மி.மீ. குழாயைச் சுவரில் வைத்துவிடுவார்கள், சின்ன வித்தியாசம்தானே என்று. பரப்பு 40 சதவீதம் கூடுகிறது. அதோடு, சுவரின் தடிமனில் ஓடும் குட்டைக் குழாய்க்குக் கெழு 0.8 வரை போகும். இரண்டும் சேர்ந்தால் வெளியேற்றம் வினாடிக்கு 37 லிட்டர். அனுமதித்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதனால் பெரிய குழாயைச் சுவரில் வைத்து, அதன் வாயில் தனியாக ஒரு துளைத் தகட்டைப் பொருத்துவதுதான் சரி. குறைந்தது 3 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடு, கடைசலில் வெட்டிய துளை; காஸ் கட்டரால் வெட்டினால் விளிம்பு உருகிக் கெழு மாறிவிடும். தகட்டின் மேல் விட்டத்தைப் பொறித்துவிடுங்கள். போல்ட்டால் இறுக்கி, சுற்றிலும் கசிவில்லாமல் அடைக்க வேண்டும். சிறிய மனைகளில் கணக்குப்படி 30 மி.மீ. துளை வரும், விதியோ குறைந்தது 75 அல்லது 100 என்று சொல்லும். அங்கே நீரைச் சுழலவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிதான் வழி. அதன் வாய் பெரிதாக இருப்பதால் அடைப்பு குறைவு. காலியாகும் நேரத்தையும் சரிபாருங்கள்: நேர்ச்சுவர் தொட்டியில் கொள்ளளவை உச்ச வெளியேற்றத்தால் வகுத்து இரண்டால் பெருக்கினால் போதும். 149-க்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

மண்ணைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மண் பரிசோதனைக்குத் துளையிடும்போது நிலத்தடி நீர்மட்டத்தை மழைக்காலத்திலும் அளந்து வாங்குங்கள். கோடையில் எடுத்த ஒரே ஓர் அளவை வைத்து வடிவமைத்தால் தொட்டி மிதக்கும். ஆம், கான்கிரீட் தொட்டி மிதக்கும். மேலே சொன்ன தொட்டிக்குச் சுவர் 25 செ.மீ., அடித்தளம் 30, கூரை 25 என்றால் வெளியளவு 17.5 பெருக்கல் 5.5 மீட்டர், உயரம் 2.55. நிலத்தடி நீர்மட்டம் நிலத்தின் மேற்பரப்பு வரை ஏறினால் தொட்டி விலக்கும் நீர் 245 டன். கான்கிரீட்டின் எடை 181 டன், மேலே 30 செ.மீ. மண் போட்டால் நீரில் மூழ்கிய நிலையில் அதன் எடை 23 டன். மொத்தம் 204. காலித் தொட்டியை நிலம் மேலே தள்ளிவிடும். குழாய்கள் அறுந்துபோகும், அடித்தளம் விரிசல் விடும். அடித்தளத்தை நான்கு பக்கமும் 60 செ.மீ. நீட்டி, அதன்மேல் மண் உட்காரும்படி செய்தால் எதிர்விசை 275 டன்னாகி, 1.1 என்ற பாதுகாப்பு விகிதத்தைத் தாண்டுகிறது. சுவரைத் தடிமனாக்குவதைவிட இது மலிவு. ஆனால் குழியின் அகலம் அந்த அளவுக்குக் கூடும். மனையின் எல்லை பக்கத்தில் இருந்தால் மண் சரியாமல் தாங்க ஷீட் பைல் (நிலத்தில் அடித்து இறக்கும் தகட்டுச் சுவர்) வேண்டியிருக்கும். எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி என்ற விதியையும் இந்த நீட்டிய விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும்.

கட்டி முடித்தபின் மிதக்காது என்பதைக் காட்டினால் போதாது. என் தூக்கத்தைக் கெடுத்தது இடைக்காலம்தான். அடித்தளமும் சுவரும் முடிந்து கூரை போடாமல், சுற்றிலும் மண் நிரப்பாமல் இருக்கும்போது அதே தொட்டியின் எடை, நீட்டிய விளிம்பு இல்லாமல், 123 டன்தான். குழியில் அடித்தளத்தின் அடியிலிருந்து 1.3 மீட்டர் நீர் நின்றால் மிதந்துவிடும். ஒரு நல்ல மழைக்கு, பம்பு நின்றுபோனால், அந்த அளவு நீர் சேர ஓர் இரவு போதும். எனவே மண் நிரப்பும் வரை குழியில் சம்ப் (நீர் சேரும் சிறு பள்ளம்) வெட்டி இரண்டு பம்புகள் வைத்திருங்கள். அதோடு அடித்தளத்திலோ சுவரின் அடியிலோ தற்காலிகத் துளை விட்டு, வெளியே நீர் ஏறினால் உள்ளேயும் ஏறும்படி செய்துகொள்ளுங்கள். உள்ளே நீர் புகுந்தால் வேலை சில நாள் நிற்கும், அது பரவாயில்லை. முடிந்தபின் அந்தத் துளையைச் சுருங்காத கிரவுட்டால் (துளைகளை நிரப்பும் சாந்து) அடைத்துவிடலாம்.

கான்கிரீட் வேலையில் கசிவு வரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: அடித்தளமும் சுவரும் சேரும் மூட்டு. அடித்தளத்தோடு சேர்த்துச் சுவரின் முதல் 15, 20 செ.மீ. உயரத்தையும் ஒரே வார்ப்பில் எழுப்பி, மூட்டில் நீர் புகாமல் தடுக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டையை அதன் நடுவில் நிறுத்தி, கம்பியோடு கட்டி, கான்கிரீட் ஊற்றும்போது மடங்காமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷட்டரிங்கை (கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகை) இறுக்கும் கம்பிகள் சுவரின் குறுக்கே போகும் இடங்களும் கசியும். நீர்த்தடை வளையம் உள்ளதைக் கேளுங்கள். நீர்க்கசிவுச் சோதனையை மண் நிரப்புவதற்கு முன்பே செய்யுங்கள். நிரப்பி ஏழு நாள் ஊறவிட்டு, அடுத்த ஏழு நாள் மட்டத்தை அளப்பது பரவலான முறை. பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் நீர் வைத்து ஆவியானதைக் கழித்துக்கொள்ள வேண்டும். சோதனைக்கு வேண்டிய நீரை எங்கிருந்து கொண்டுவருவது என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். நூற்றைம்பது கனமீட்டர் நீர் சுலபத்தில் கிடைப்பதில்லை. மூடும் முன் உள்ளாட்சி ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும் என்று விதி இருந்தால், அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு கூடை மண்கூடப் போடாதீர்கள். மூடியதைத் தோண்டிக் காட்டச் சொன்னால், மறுக்க முடியாது.

கான்கிரீட்டுக்குப் பதில் வேறு வழிகளும் உண்டு. பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கும் முறையில் 95 சதவீதம் வெற்றிடம், எனவே 149-க்கு 157 கனமீட்டர் குழி போதும், வேகமாக முடியும். ஆனால் மேலே வாகனம் ஓடுமா, எவ்வளவு மண் மூட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் கணக்கோடு ஒப்பிட்டே ஆக வேண்டும், உள்ளே இறங்கிச் சுத்தம் செய்யவும் முடியாது. ஜல்லி நிரப்பினால் வெற்றிடம் 35 சதவீதம் அளவுதான். அதே கொள்ளளவுக்கு 426 கனமீட்டர் குழி. மண்ணுக்குள் இறங்கவிடும் அமைப்பு என்றால் மண் அனுமதிக்க வேண்டும். பிரிட்டனில் புழங்கும் சோதனையில் குழியை நிரப்பி, நீர் 75 சதவீதத்திலிருந்து 25-க்கு இறங்கும் நேரத்தை அளந்து, அதை மூன்று முறை அடுத்தடுத்துச் செய்து, கிடைத்ததில் மிக மெதுவான வேகத்தை எடுக்கிறார்கள். முதல் முறை காய்ந்த மண் வேகமாகக் குடித்துவிடும். அந்த எண்ணை நம்பி வடிவமைத்தால் ஏமாற்றம்தான். அங்கே கட்டடத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி, அமைப்பின் அடி நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கு 1 மீட்டராவது மேலே என்பதும் விதி. களிமண்ணில் இதை முயல வேண்டாம்.

தொட்டிக்குள் நீர் நுழையும் முன் வண்டல் குழி ஒன்று கட்டாயம் வேண்டும், விதி கேட்டாலும் கேட்காவிட்டாலும். இலை, மணல், பிளாஸ்டிக் உறை எல்லாம் அந்த 85 மி.மீ. துளையைத் தேடித்தான் வரும். துளைக்கு முன்னால் வலைச்சட்டம் வையுங்கள். அதன் பரப்பு துளையின் பரப்பைப் போல் 50 மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வழிகாட்டிகளில் வரும் அளவு. நம் துளைக்கு அது 0.28 சதுர மீட்டர், ஏறத்தாழ 50-க்கு 56 செ.மீ. செங்குத்தாக, மேலிருந்து கைப்பிடியால் தூக்கி எடுக்கும்படி பொருத்துங்கள். அந்தச் சட்டத்துக்கு நேர் மேலேதான் ஆள் இறங்கும் வாய் வேண்டும். தொட்டியின் தரைக்குத் துளையை நோக்கி 100-க்கு 1 சாய்வாவது கொடுத்தால் வண்டல் ஓரிடத்தில் சேரும். தட்டையான தரையில் நீர் தேங்கிக் கொசு வளரும். மிகைநீர் வழியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். துளை முழுதாக அடைந்து, தொட்டி நிறைந்து, உச்ச மழை பெய்கிறது என்று வைத்து அதன் அகலத்தைக் கணக்கிடுங்கள். அங்கிருந்து வழியும் நீர் மனையின் குறுக்கே எந்தப் பாதையில் தெருவுக்குப் போகும் என்று அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள். அந்தப் பாதையில் பின்னாளில் யாரும் மதில் எழுப்பக் கூடாது.

நிறைவுச் சான்றிதழுக்கு, வரைந்தது அல்ல, கட்டியதைத்தான் அளந்து காட்ட வேண்டும். கூரை போடும் முன்பே சர்வேயரை வரவழைத்து உள்ளளவு, தரை மட்டம், துளையின் மைய மட்டம், மிகைநீர் வழியின் மட்டம் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். மூடியபின் டார்ச் வெளிச்சத்தில் அளப்பது கொடுமை. கம்பி, வாட்டர் ஸ்டாப், துளைத் தகடு ஒவ்வொன்றையும் அளவுகோல் தெரியப் படம் எடுத்து வையுங்கள். பல இடங்களில் பராமரிப்புப் பொறுப்பை நிலப்பத்திரத்தோடு சேர்த்துப் பதியச் சொல்வார்கள். அந்த ஆவணம் தயாராக நாள் பிடிக்கும், கான்கிரீட் வேலை நடக்கும்போதே ஆரம்பித்துவிடுவது நல்லது. எல்லாம் கட்டிமுடிந்து இந்த ஒரு தாளுக்காகக் குடியேறாமல் காத்துக் கிடப்பது, கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, தாங்க முடியாத எரிச்சல்.

பராமரிப்பு அட்டவணை எளியது: மழைக்காலத்துக்கு முன் முழுச் சுத்தம், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வலையைத் தூக்கிப் பார்ப்பது, மழை நின்ற மறுநாள் மூடியைத் திறந்து தொட்டி காலியாகிவிட்டதா என்று பார்ப்பது. காலியாகவில்லை என்றால் துளையோ வலையோ அடைந்திருக்கிறது. இதையெல்லாம் முடிந்தவரை மேலே நின்றே செய்யும்படி அமைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இறங்கியே ஆக வேண்டும் என்றால், எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு வாய்களையும் திறந்து, ஊதுகாற்று விசிறி வைத்து, காற்றுமானியால் ஆக்ஸிஜனையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் அளந்த பிறகுதான் இறங்க வேண்டும். அழுகிய இலையும் வண்டலும் மூடிய இடத்தில் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், மூக்கு அதைக் காட்டிக்கொடுக்காது. ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரையும் இறக்காதீர்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடித்தபடி பயிற்சி பெற்ற ஒருவர். கீழே இருப்பவர் மயங்கினால் மேலே இருப்பவர் இறங்கக் கூடாது, கயிற்றால்தான் இழுக்க வேண்டும். இதை மூடியின் உட்புறத்தில் அழியாத பெயின்ட்டால் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.